மூளைநாடியிற் செல்லும் நுண்துகளைச் செவியால் அறிதல்

உடலின் அகத்தே நிகழ்வதைப் புறத்தே நின்று அறிதற்கு வைத்தியர் பண்டுதொட்டுக் கையாண்ட வழிகளுள் இரண்டு சிறப்பானவை. ஒன்று தொட்டறிதல், மற்றையது கேட்டறிதல். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் எம்மவர் மரபு முன்னையதைச் சாரும். 1816ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்து வைத்தியரான லெனெக் என்பார் கடதாசியைக் குழலாகச் சுருட்டி, ஒரு நோயாளியின் மார்பில் வைத்து, இதயத்தின் ஒலியைத் தெளிவாகக் கேட்டார். இன்று வைத்தியரின் கழுத்திலே தொங்கும் கருவி அக்கடதாசிக் குழலின் வழிவந்ததே. நெஞ்சறையின் கதவு அன்றே திறந்தது. ஆனால், மூளையை மூடியிருக்கும் மண்டையோடு நெடுங்காலம் வாய்திறவாது இருந்தது. அதனுள்ளே ஓடும் நாடிகளைத் தொட்டறியவும் இயலவில்லை, கேட்டறியவும் இயலவில்லை.

அத்தடை 1982ஆம் ஆண்டில் நீங்கியது. அதன்பின் மூளைநாடியின் குருதியோட்டத்தை மட்டுமன்றி, அவ்வோட்டத்தில் மிதந்து செல்லும், கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களையும் ஒவ்வொன்றாகச் செவியாற் கேட்கும் முறை உருவாயிற்று. அம்முறையின் பௌதிக அடிப்படையையும், அது காட்டும் அறிகுறியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இங்கு ஆராய்வாம். பின்னைய வினாவே கடினமானது.

முதலில், துகள் என்றது யாது எனக் கூறல் வேண்டும். பாரிசவாதம் என நாம் வழங்கும் நோய் பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலே விளைகின்றது. குருதிக்கட்டி தோன்றிய இடத்திலேயே நாடியை அடைத்தல் ஒருவகை. வேறோரிடத்திலே தோன்றிப் பிரிந்து, குருதியோடு மிதந்து வந்து, ஒடுங்கிய ஓரிடத்திற் சிக்கிக்கொள்ளுதல் மற்றொருவகை. இவ்வேறுபாட்டைப் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைநாட்டியவர் ஜேர்மானிய அறிஞரான விர்ஹோ ஆவர். மிதந்து வந்து அடைக்கும் பொருளுக்கு எம்போலஸ் என்று பெயர். ஆப்பு, அடைப்பான் முதலிய பொருள் தரும் கிரேக்கச் சொல்லினின்றும் அது பிறந்தது. தமிழில் இதற்குப் பலரும் பலவாறு பெயரிடுவர். யாம் இக்கட்டுரையில் அடைதுகள் என்று வழங்குவாம். சொல் எதுவாயினும் ஆகுக; பொருள் மயங்காதிருந்தாற் போதும்.

அடைதுகள் பிறக்கும் இடங்கள் பல. கழுத்து நாடியின் உட்சுவரிலே கொழுப்புப் படிந்து தடித்து, அதன் மேற்பரப்புப் புண்படின், அவ்விடத்திற் குருதிச் சிறுதட்டுக்கள் வந்து ஒட்டும். ஒட்டியதில் ஒரு சிறு பங்கு பிரிந்து ஓட்டத்தோடு செல்லும். ஒழுங்கின்றித் துடிக்கும் இதயத்தின் அறையிலே குருதி தேங்கிக் கட்டியாதலும் உண்டு. செயற்கை வால்வு பொருத்திய இதயத்திலிருந்தும், திறந்த இதயச் சத்திரசிகிச்சையின்போது புகும் வளியிலிருந்தும் அடைதுகள் தோன்றும். இவற்றுட் பல, மூளையின் ஒவ்வொரு பாதிக்கும் குருதியின் பெரும்பகுதியைக் கொண்டுசெல்லும் நடு மூளைநாடியின் வழியே செல்கின்றன. அந்நாடியின் விட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். அதனையே அடைக்கும் பெருந்துகள் ஒருவரின் கையையும் காலையும் பேச்சையும் ஒரு கணத்திற் பறித்துவிடும். மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கினதாகிய சிறுதுகளோ எவ்வித நோய்க்குறியும் காட்டாது நுண்கிளைகளுட் சென்று மறையும். நோயாளி உண்பார், உரையாடுவார், உறங்குவார், துகள்கள் சென்றுகொண்டேயிருக்கும். அவர் அறியார். பெருந்துகள் ஒன்று புறப்படுமுன் இச்சிறுதுகள்களை அறிந்துகொள்ள இயலுமாயின், வருவதை முன்னரே தடுக்க ஒரு வழி பிறக்குமன்றோ?

இதற்குத் துணைசெய்யும் பௌதிகத் தத்துவம் எம் மாணவர் யாவரும் அறிந்ததே. புகையிரதக் கடவையில் நிற்போர், ஊதிக்கொண்டு வரும் வண்டியின் ஒலி நெருங்கும்போது உயர்ந்த சுருதியிலும், கடந்து செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் ஒலிப்பதைக் கேட்டிருப்பர். இவ்வுண்மையை 1842ஆம் ஆண்டிற் பிராக் நகரத்திலே வெளியிட்டவர் ஒஸ்திரியரான கிறிஸ்தியன் டொப்ளர். வேடிக்கை யாதெனின், அவர் அதனை ஒலியைப் பற்றிக் கூற எழுந்தாரல்லர். இரட்டை விண்மீன்களின் நிறவேறுபாட்டுக்குக் காரணம் அவற்றின் இயக்கமே என நாட்டுவதற்கே அக்கட்டுரையை எழுதினார். விண்மீன்களின் நிறத்துக்கு முதற்காரணம் அவற்றின் வெப்பநிலையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எடுத்துக்கொண்ட உதாரணம் பிழைத்தது. கண்ட விதியோ பிழைக்கவில்லை.

அவ்விதியை ஒலியிற் சோதித்தவர் ஒல்லாந்தரான பயஸ் பலொற். 1845ஆம் ஆண்டில், யூற்றெக்ற் நகரத்துக்கு அண்மையிலுள்ள இருப்புப்பாதையிலே, புகையிரதத்தில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி ஓடச்செய்தார். பாதையோரத்திலே சுருதிஞானம் மிக்க இசைவாணரை நிறுத்தி, கேட்ட சுரத்தின் ஏற்றத்தாழ்வைக் கூறும்படி பணித்தார். மீடிறனை அளக்கும் மின்கருவிகள் இல்லாத காலம் அது. பயின்ற செவியே அளவுகோலாயிற்று. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

நூறாண்டுக்கு மேல் இவ்விளைவு வானியலாருக்கும் பௌதிகவியலாருக்குமே உரியதாயிருந்தது. 1950களின் பிற்பகுதியில் யப்பானிலுள்ள ஒசாக்கா நகரத்தில் சற்றொமுறா என்பார் கழியொலியை, அதாவது மனிதச் செவிக்கு எட்டாத உயர்மீடிறன் ஒலியை, உடலுட் செலுத்தி, இதயத்தின் அசைவாலும் குருதியின் ஓட்டத்தாலும் அதன் மீடிறன் மாறுவதைக் கண்டார். குருதி நீர்போல ஒருசீரான திரவம் அன்று. கோடிக்கணக்கான செங்குழியங்கள் மிதக்கும் கலவை. ஒவ்வொரு குழியமும் தன்மேற் படும் ஒலியிற் சிறிதளவைத் திருப்பி அனுப்புகின்றது. நகரும் குழியம் முதலில் மாறிய மீடிறனோடு ஒலியைப் பெறுகின்றது. பின்பு, நகர்ந்துகொண்டே அதனைத் திருப்பி விடுகின்றது. ஆகவே மாற்றம் இருமடங்காகும்.

இங்கே கணக்கொன்றைச் செய்து பார்ப்பது பயன்தரும். மூளைநாடிகளை ஆராயச் செக்கனுக்கு 20 இலட்சம் அதிர்வுகள் கொண்ட கழியொலி பயன்படுகின்றது. உடலின் மென்னிழையங்களில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர். நடு மூளைநாடியிற் குருதி செக்கனுக்கு 60 சென்ரிமீற்றர் வேகத்தில் கருவியை நோக்கி வருவதாகக் கொள்வோம். மீடிறனை வேகத்தின் இருமடங்காற் பெருக்கி ஒலிவேகத்தால் வகுத்தால், மாற்றம் ஏறக்குறைய 1,560 அதிர்வுகளாகும். அனுப்பிய ஒலி செவிக்கு எட்டாதது. மீண்டு வந்ததும் எட்டாதது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடோ செவி நன்கு கேட்கும் எல்லையினுள்ளே வந்து விழுகின்றது! எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று இது. குருதியின் வேகமும் இழையங்களின் தன்மையும் எம் செவியின் எல்லையும் ஒன்றோடொன்று இசைந்துவிட்டன. வேறுபாட்டை மட்டும் பிரித்தெடுத்து ஒலிபெருக்கியில் இணைத்தால், இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் எழுந்து தணியும் காற்றொலிபோல மூளைக் குருதியின் ஓட்டத்தைக் கேட்கலாம்.

மண்டையோடு பெருந்தடையாயிருந்தது. எலும்பு கழியொலியை உறிஞ்சும், சிதறடிக்கும். மீடிறன் உயர உயர இழப்பும் மிகும். கழுத்து நாடியை ஆராய்ந்தோர் கையாண்ட உயர்மீடிறன்கள் இங்கு உதவவில்லை. சுவிற்சர்லாந்திலுள்ள பேர்ன் நகரத்திற் பணிபுரிந்த நோர்வேயரான றூண் ஒஸ்லிட் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் 1982ஆம் ஆண்டில் மீடிறனை 20 இலட்சத்துக்குத் தாழ்த்தி, கன்ன எலும்பின் வளைவுக்குச் சற்று மேலே, காதுக்கு முன்பாக, எலும்பு மெலிந்த இடத்தின் வழியே ஒலியைச் செலுத்தி வெற்றிகண்டனர். அவ்விடத்தைச் சாளரம் என வழங்குவர். எல்லோருக்கும் இச்சாளரம் திறந்திருப்பதில்லை. பத்தில் ஒருவருக்கேனும் எலும்பு தடித்து ஒலியை விடாது. முதிய பெண்களிடத்து இக்குறை மிகுதி.

மேலும், ஒலியை இடைவிடாது அனுப்பாமற் சிறுசிறு துடிப்புக்களாக அனுப்பினர். தோலிலிருந்து 50 மில்லிமீற்றர் ஆழத்திலுள்ள நாடிக்குச் சென்று மீளுதற்கு ஒலி எடுக்கும் காலம் செக்கனின் பத்து இலட்சத்தில் 65 பங்கு. அக்கணத்தில் வரும் எதிரொலியை மட்டும் ஏற்று, ஏனையவற்றைத் தள்ளினால், அவ்வாழத்தில் ஓடும் குருதியின் ஒலி மாத்திரமே கேட்கும். கேட்கும் இடத்தை மாற்ற விரும்பின் காத்திருக்கும் காலத்தை மாற்றினாற் போதும்.

இனி, கோடிக்கணக்கான குழியங்களின் நடுவே ஒரேயொரு துகள் தனித்துக் கேட்பது எவ்வாறு? இவ்வினா முறையின் உயிர்நிலையாதலின் சற்று விரிவாகக் காண்பாம்.

அலைநீளத்தினும் மிகச் சிறிய பொருள் அலையை எவ்வாறு சிதறச் செய்யும் என்பதை 1871ஆம் ஆண்டில் வானின் நீலநிறத்தை விளக்கப் புகுந்த ரேலி பிரபு ஆராய்ந்தார். அவர் வழியிற் பெறப்படும் விதி, சிதறும் ஆற்றல் பொருளின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு விகிதசமனாகும் என்பது. 20 இலட்சம் அதிர்வுள்ள ஒலிக்கு உடலில் அலைநீளம் ஏறக்குறைய 0.77 மில்லிமீற்றர், ஆகையால் எமது துகள்களுக்கும் இவ்விதி ஏறத்தாழப் பொருந்தும். செங்குழியம் தட்டு வடிவினது. அதன் கனவளவை ஒரு கோளமாக உருட்டினால் விட்டம் ஏறக்குறைய 5.5 மைக்கிரோன் ஆகும். 100 மைக்கிரோன் விட்டமுள்ள துகள் அதனிலும் 18 மடங்கு பெரிது. பதினெட்டைப் பதினெட்டால் ஆறு தானத்திற் பெருக்கிப் பார்க்குக: 3 கோடியே 40 இலட்சம்! அதாவது, ஒத்த பொருளால் ஆகியதாயின், அத்துகள் ஒன்றே தனித்தனியாக நின்று ஒலிக்கும் 3 கோடியே 40 இலட்சம் குழியங்களுக்கு ஈடாகும்.

ஆயினும் கூர்ந்த மாணவன் இங்கே தடை எழுப்பலாம். நாம் செவிகொடுக்கும் நாடிப்பகுதி 3 மில்லிமீற்றர் அகலமும் 10 மில்லிமீற்றர் நீளமும் உடையதாயின், அதன் கனவளவு 70 கன மில்லிமீற்றர். கன மில்லிமீற்றருக்கு 50 இலட்சம் செங்குழியங்களாக, அங்கே 35 கோடி குழியங்கள் உள. அவற்றின் முன் 3 கோடி எம்மாத்திரம்? தடை நியாயமானதே. விடை யாதெனின், குழியங்கள் தனித்தனியே நிற்கவில்லை. நெருங்கி அடைந்து செல்கின்றன. நெருங்கிய பொருள்களின் எதிரொலிகள் ஒன்றையொன்று பெரும்பகுதி அழித்துவிடும். முற்றும் ஒருசீராக நிரம்பிய ஊடகம் எதிரொலியே தராது. குருதி ஒலிப்பது அதன் நெருக்கத்தில் உள்ள ஒழுங்கின்மையால் மட்டுமே. சனக்கூட்டத்தின் இரைச்சல் எத்துணைப் பெரிதாயினும் ஒருவன் சீழ்க்கையடித்தால் அது தனித்துக் கேட்பதுபோல, பெருந்துகளின் ஒலி தனித்துக் கேட்கின்றது. துகள் வளிக்குமிழியாயின் கேட்கவே வேண்டா. வளிக்கும் குருதிக்கும் ஒலியியல் தன்மை பெரிதும் வேறுபடுதலால், குமிழி தன்னளவுள்ள திண்மத்தினும் பன்மடங்கு உரத்து ஒலிக்கும்.

இப்பின்னைய உண்மை பெரிய இடர் ஒன்றையும் தன்னுள் மறைத்து வைத்திருக்கின்றது. உரத்த ஒலி பெருந்துகளின் ஒலியா, சிறுகுமிழியின் ஒலியா? ஒலியின் உரத்தைக் கொண்டு மட்டும் கூற இயலாது. இதனைப் பின்னர்க் காண்பாம்.

துகளின் ஒலியை முதலிற் கேட்டோர் மூளையைத் தேடிச் சென்றவரல்லர். கடலில் ஆழமாய் மூழ்கி விரைந்து மேலெழுவோரின் குருதியில் நைதரசன் குமிழிகள் தோன்றும் என்பது பழைய செய்தி. 1960களின் இறுதியில் அமெரிக்காவிலுள்ள சியாட்டில் நகரத்தில் மெரில் ஸ்பென்சரும் அவருடன் ஆய்ந்தோரும் அக்குமிழிகளை டொப்ளர் முறையாற் கேட்டனர். 1969ஆம் ஆண்டில், திறந்த இதயச் சத்திரசிகிச்சையின்போது நாடிகளுட் புகும் வளியையும் அவ்வாறே கண்டறிந்து எழுதினர். மண்டையோட்டின் சாளரம் திறந்தபின் இவ்வாராய்ச்சி மூளைக்கு ஏறியது. 1987ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர், இதயத்துக்கும் சுவாசப்பைக்கும் பதிலாக இயங்கும் பொறியில் குருதிக்கு ஒட்சிசன் ஊட்டும் இரு முறைகளை ஒப்பிட்டனர். குருதியினூடே வளியைக் குமிழியாக விடும் முறை நடு மூளைநாடிக்குத் துகள்களை அனுப்புவதை அவர்கள் கேட்டனர். மென்சவ்வினூடே வளியைச் செலுத்தும் முறை அதனினும் மேலானது என்பதற்கு இவ்வொலி ஒரு சான்றாயிற்று.

1990ஆம் ஆண்டில் ஸ்பென்சர் குழுவினர் வெளியிட்ட செய்தி இன்னும் முக்கியமானது. கழுத்து நாடியின் உட்படிவை அகற்றும் சத்திரசிகிச்சையின்போது நடு மூளைநாடியைக் கேட்டுக்கொண்டிருந்தனர். நாடியைத் திறந்து மூடியபின் கேட்கும் ஒலிகளை வளியின் செயல் எனலாம். நாடியைத் திறவாதபோதே கேட்ட ஒலிகளை என்னென்பது? மூடிய நாடியுள் வளி புகுதற்கு வழியில்லை. ஆதலின் அவை படிவிலிருந்து பிரிந்த திண்மத் துகள்களாதல் வேண்டும் எனக் கொண்டனர். எளிய நியாயம், ஆயினும் வலியது. திண்மத்துகளும் கேட்கும் என்பது நிலைபெற்றபின்னரே, சத்திரசிகிச்சைக்கு வெளியேயும், அமைதியாகப் படுத்திருக்கும் நோயாளிகளிடத்தும் அவற்றைத் தேடும் முயற்சி பரவியது.

பரவவே குழப்பமும் பரவியது. நோயாளி இருமினாலும், மென்றாலும், பேசினாலும், கருவி சற்று அசைந்தாலும் ஒலி எழும். ஓராய்வாளர் துகள் என எண்ணியதை மற்றவர் துகளன்று என்றார். இதனால், 1995ஆம் ஆண்டில் இத்துறையினர் ஒருமித்து இலக்கணம் வகுத்தனர். துகளின் ஒலி செக்கனின் ஆயிரத்தில் 300 பங்கினும் குறுகிய காலமே நிலவல் வேண்டும்; சூழ்ந்த குருதியின் ஒலியிலும் குறைந்தது 3 தெசிபெல், அதாவது ஆற்றலில் இருமடங்கு, மிகுந்திருத்தல் வேண்டும்; குருதியோட்டத்தின் திசையிலேயே தோன்றல் வேண்டும்; இவற்றோடு, சொடுக்கு அல்லது கீச்சொலி அல்லது முனகல்போலச் செவியில் ஒலித்தல் வேண்டும். விஞ்ஞான இலக்கணம் ஒன்றிலே கீச்சொலியும் முனகலும் இடம்பெற்றதைக் கண்டு நகைப்போர் நகைக்கலாம். யாம் நகையோம். யூற்றெக்ற் பாதையோரத்து இசைவாணர் செய்ததும் இதுவன்றோ? துகள்களைத் தாமே எண்ணும் பொறிகள் பின்னர்ப் பல தோன்றியபோதும், அவற்றின் திறமையை மதிப்பிடப் பயின்ற மனிதரின் செவியோடும் கண்ணோடுமே ஒப்பிட்டனர்.

போலியை நீக்குதற்கு அழகிய உபாயம் ஒன்றும் உண்டு. ஒரே நாடியை 10 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு ஆழங்களில் ஒருங்கே கேட்பர். துகள் மெய்யானதாயின் அது பயணஞ் செய்யும் பொருள். நடு மூளைநாடியிற் குருதி கருவியை நோக்கி வருவதால், முதலில் ஆழமான இடத்திலும் பின்னர் ஆழங்குறைந்த இடத்திலும் ஒலிக்கும். செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர் வேகமாயின் இடைக்காலம் செக்கனின் ஐம்பதிலொரு பங்கு. இருமலாலோ கருவியின் அசைவாலோ எழுந்த ஒலி இரண்டிடத்தும் ஒரே கணத்தில் தோன்றும், அதனைத் தள்ளிவிடலாம்.

துகளா போலியா என்பது இவ்வாறு ஒருவாறு தீர்ந்தது. திண்மமா வளியா என்பதோ எளிதில் தீரவில்லை. செயற்கை வால்வு பொருத்தியோர் சிலரிடத்து ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான ஒலிகள் கேட்டன. அத்தனையும் குருதிக்கட்டிகளாயின் அவர்கள் நெடுநாள் நலமாய் உலாவுதல் அரிது. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகளில், இத்தகையோருக்குத் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கக் கொடுத்துக் கேட்டனர். ஒலிகளின் தொகை குறைந்தது. காரணம் யாது? ஒட்சிசனை மட்டும் சுவாசிக்கும்போது குருதியில் கரைந்துள்ள நைதரசன் வெளியேறும். குமிழியினுள் உள்ள நைதரசன் கரைந்துபோக இடம் பிறக்கும். குமிழி விரைவில் மறையும். திண்மத்துகளுக்கு ஒட்சிசன் எவ்வேறுபாடும் செய்யாது. ஆகவே, வால்வு மூடும்போது அங்கே அழுத்தம் சடுதியாகத் தாழ்ந்து பிறக்கும் வளிக்குமிழிகளே அவ்வொலிகளுட் பெரும்பாலானவை என்பது பெறப்பட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் தீர்க்காத ஐயத்தை ஒரு முகமூடியும் ஓர் ஒட்சிசன் உருளையும் தீர்த்தன. இத்துறையில் நிகழ்ந்த சோதனைகளுள் யாம் மிக விரும்புவது இதுவே.

கருவியாலும் தீர்க்க முயன்றனர். திண்மம் உயர்ந்த மீடிறனிலும் வளி தாழ்ந்த மீடிறனிலும் ஒப்பளவில் மிகுதியாக ஒலிக்கும் என்னும் அடிப்படையில், 20 இலட்சம், 25 இலட்சம் என இரண்டு மீடிறன்களை ஒருங்கே செலுத்தும் முறையை 2002ஆம் ஆண்டில் றசல், புறூக்கர் என்னும் இருவர் வெளியிட்டனர். 2005ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த மதிப்பீடு, நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் அளவுக்கு அதன் துல்லியம் போதாது எனக் கூறிற்று.

குமிழி உரத்து ஒலிப்பதை இடராக மட்டும் கொள்ளாது, பயனாகவும் கொண்டவர் உளர். கருவிலிருக்கும் சிசுவின் இதயத்தின் வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவே வழியொன்று உண்டு. பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். வளர்ந்தோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது முற்றாக மூடுவதில்லை. இதனை அறிய, 9 மில்லிலீற்றர் உப்புநீரோடு 1 மில்லிலீற்றர் வளியைக் கலந்து, நுண்குமிழி நுரைக்குமாறு குலுக்கி, கையின் நாளத்தில் ஏற்றுவர். வழி மூடியிருப்பின் குமிழிகளைச் சுவாசப்பை வடித்துவிடும், மூளைநாடி அமைதியாயிருக்கும். திறந்திருப்பின், சிறிது நேரத்தில் மூளைநாடியிற் கீச்சொலிகள் மழைத்துளிபோலக் கேட்கும்.

இனி, எடுத்துக்கொண்ட இரண்டாம் வினாவுக்கு வருவாம். அமைதியாகப் படுத்திருக்கும் ஒருவரின் மூளைநாடியில் ஒரு கீச்சொலி கேட்டது. அதனால் அவர்க்கு ஆவது என்ன?

2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு ஒரு பகுதி விடை தந்தது. கழுத்து நாடி பாதிக்கு மேல் ஒடுங்கி, அண்மையிற் பாரிசவாதக் குறிகளும் கண்ட 230 பேரை ஐரோப்பிய வைத்தியசாலைகளில் ஒரு மணி நேரம் கேட்டனர். 110 பேரிடத்து ஒலிகள் கேட்டன. அவர்களுள் 107 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அஸ்பிரினை மட்டும், மறு பகுதியினருக்கு அதனோடு குளோபிடோகிரலையும் கொடுத்தனர். ஏழாம் நாளில் அஸ்பிரின் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 72.7 பேரிடத்தும், இரு மருந்தும் பெற்றோருள் நூற்றுக்கு 43.8 பேரிடத்தும் ஒலிகள் நீடித்தன. மூளையினுள்ளேயே நாடி ஒடுங்குதல் ஆசிய மக்களிடத்து மிகுதி. அத்தகையோரை ஆசிய நாடுகளில் ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபும் இதனையே ஒத்தது: இரண்டாம் நாளில் ஒலி நீடித்தோர் இரு மருந்தும் பெற்றோரில் நூற்றுக்கு 31, அஸ்பிரின் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 54. பாரிசவாதம் வருகின்றதா எனக் காத்திருந்து மருந்தைச் சோதிக்கப் பல்லாயிரம் நோயாளிகளும் பல ஆண்டுகளும் வேண்டும். இங்கே நூறு பேரும் ஒரு வாரமும் போதுமாயின. எனினும் ஒன்றை மறத்தலாகாது: குறைந்தது துகளின் ஒலி. ஒலி குறைந்தமையால் நோயும் அவ்வளவு குறையும் என்பது ஊகமே. அது தனியே நிறுவப்படல் வேண்டும்.

மற்றைய பகுதி விடையும் 2010ஆம் ஆண்டிலேயே வந்தது. கழுத்து நாடி நூற்றுக்கு 70 பங்கேனும் ஒடுங்கியும் எவ்வித நோய்க்குறியும் இல்லாத 467 பேரைக் கேட்டு, இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தனர். தொடக்கத்தில் 77 பேரிடத்து ஒலிகள் இருந்தன. ஒடுங்கிய நாடியின் பக்கத்திலேயே பாரிசவாதம் வந்தோர் தொகை, ஒலி கேட்டவர்களுள் ஆண்டுக்கு நூற்றுக்கு 3.62, கேளாதவர்களுள் 0.70. ஐந்து மடங்கு வேறுபாடு! அறுவைக்கு உரியாரைத் தெரிந்தெடுக்க இது துணையாகும் என்பதில் ஐயமில்லை. 2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய நாடிச் சத்திரசிகிச்சையாளர் வழிகாட்டியும், தானே எழும் அடைதுகளை ஆபத்தின் அடையாளங்களுள் ஒன்றாக எண்ணிற்று. ஆனால், அதே எண்ணை மறுபுறம் திருப்பிப் படிக்குக. ஒலி கேட்ட நூறு பேரில் தொண்ணூற்றாறு பேருக்கு அவ்வாண்டிற் பாரிசவாதம் வரவில்லை. அவர்கள் அனைவரின் கழுத்தையும் கீறுதல் தகுமோ? அறுவையே சிலருக்குப் பாரிசவாதத்தை விளைவிக்கும் என்பதையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். எம் கருத்தில், ஒடுக்கத்தின் அளவும் படிவின் தன்மையும் நோயாளியின் வயதும் முதலில் பேசவேண்டும். அவை ஐயத்தில் நிறுத்தியவிடத்து ஒலியின் சாட்சியத்தைக் கேட்டல் தகும். சாட்சி ஒருவரே நீதிபதியுமாகி விடலாகாது.

ஒலி கேளாமைக்கும் அளவு கடந்து பொருள் கொள்ளலாகாது. சாளரம் திறவாதோர் இச்சோதனைக்கே உட்படார். உட்பட்டோரிடத்தும் துகள்கள் சீராக வருவதில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்று வந்து அடுத்த மணி நேரத்தில் ஒன்றும் வாராதிருக்கும். மேற்கூறிய 467 பேரையும் ஆராய்ந்தோர் தொடக்கத்தில் ஒருமுறையன்றி இருமுறை, ஒவ்வொரு மணி நேரம் கேட்டதும், அமைதியாயிருந்தவரையும் ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்களில் மீண்டும் அழைத்துக் கேட்டதும் இதன்பொருட்டே.